வெர்லாண்டரை எடுங்கள், வீடு திரும்பும் விழா மட்டும் வேண்டாம்

டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் பேஸ்பால் பிரிவுத் தலைவர் ஸ்காட் ஹாரிஸ், மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச், உரிமையாளர் கிறிஸ் இலிட்ச் ஆகியோருக்கு,

வணக்கம்.

தமிழில் எழுதினால் அவர்களுக்கு எப்படிப் புரியும் என்று வீட்டில் கேட்டார்கள். ஆங்கிலத்தில் உங்களுக்கு அறிவுரை சொல்ல மிச்சிகனில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. காரில் வானொலியைப் போட்டால் போதும். கார் கம்பெனி வேலைக்கு வந்து, நோவை, கேன்டன், டிராய் என்று குடியேறி, இங்கே கோடையில் பேஸ்பாலைப் பிடித்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. கொஞ்ச நாளாக அவர்களும் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நீங்களும் படிப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

விஷயம் ஜஸ்டின் வெர்லாண்டர், டைகர்ஸில் வளர்ந்த பிட்சர் (பந்து வீசுபவர்). சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுடன் போட்ட ஓராண்டு ஒப்பந்தம் முடிந்து, எந்த அணியிலும் இல்லாத ஃப்ரீ ஏஜென்டாக இருக்கிறார். வரும் பிப்ரவரி 20ஆம் தேதி 43 வயது ஆகிறது. அதற்குள் ஃபுளோரிடாவின் லேக்லாண்டில் உங்கள் பிட்சர்கள் பயிற்சிக்குக் கூடிவிடுவார்கள். அவரை எடுப்பதா வேண்டாமா என்று ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு கட்சி ‘நம்ம பையன், வரட்டும்’ என்கிறது. இன்னொரு கட்சி ‘வயசான ஆளுக்குக் கோடி கோடியாகக் கொட்டிக் கெடாதீர்கள்’ என்கிறது. நான் எடுக்கச் சொல்லும் கட்சி. ஆனால் முதல் கட்சிக்காரர்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. அந்தக் காரணத்துக்காகத்தான் எடுப்பீர்கள் என்றால், எடுக்காமலே விட்டுவிடுங்கள்.

அந்தக் காரணம் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் பழைய கதையைத் தொடாமல் தாண்டிப் போக எனக்கும் மனம் வரவில்லை. இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2004 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக டெட்ராய்ட் எடுத்த பையன் அவர். 2006இல் ஆண்டின் சிறந்த புதுமுகம். அந்த ஆண்டே அணி கோப்பைக்கான உலகத் தொடர் வரை போனது. 2011இல் 24 வெற்றி, 5 தோல்வி, 250 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து பேட்டர் அவுட்டாவது). சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, லீகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது, இரண்டையும் அந்த ஆண்டு அவரே வாங்கிக்கொண்டு போனார். ஐந்து நாளைக்கு ஒரு முறை ஆடும் பிட்சருக்கு எம்.வி.பி. கொடுப்பது எவ்வளவு அபூர்வம் என்பது இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

2007 ஜூன் 12ஆம் தேதி ஆட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. உங்கள் மைதானமான கொமெரிக்கா பார்க்கில் மில்வாக்கியுடன். எட்டு இன்னிங்ஸ் வரை எதிரணிக்கு ஒரு ஹிட் கூட இல்லை. எட்டாவதில் ஒன்று நிச்சயம் போய்விட்டது என்று நினைத்தபோது நெய்ஃபி பெரெஸ் பாய்ந்து பந்தை மறித்து, எழுந்திருக்காமலே தட்டிவிட்டு, இரண்டு பேரை அவுட்டாக்கினார். ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்தது. அந்த நேரத்தில் எந்தப் பிட்சருக்கும் கை கனத்துப் போகும், வேகம் இறங்கும். இவருக்கு ஏறியது. திரையின் ஓரத்தில் வேகம் காட்டும் எண் மணிக்கு நூறு மைலைத் தாண்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஜே.ஜே. ஹார்டி தூக்கி அடித்த பந்து வலது பக்கம் மாக்லியோ ஓர்டோன்யெஸ் கையில் விழுந்தது. 24 வயதுப் பையனின் முதல் நோ-ஹிட்டர்.

அப்புறம் 2017 ஆகஸ்ட் 31. அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று அன்றைய நிர்வாகம் முடிவெடுத்து, நள்ளிரவுக் கெடுவுக்கு இரண்டு நொடி இருக்கும்போது அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்த மூன்று இளைஞர்களில் இன்று உங்களிடம் மிச்சம் இருப்பவர் கேட்சர் ஜேக் ராஜர்ஸ் ஒருவர்தான். ஹூஸ்டன் அந்த ஆண்டே கோப்பையைத் தூக்கியது. டெட்ராய்ட் 2019இல் 114 ஆட்டம் தோற்றது. ஹூஸ்டன் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் முதல் முறை இங்கே வந்தபோதும் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது; அவர் மேல் கோபப்பட யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

ஆக, இந்த ஊர் அவரை எவ்வளவு நேசிக்கிறது என்று கணக்குப் போட வேண்டியதில்லை. அவர் வந்தால் ஏப்ரலில் டிக்கெட் விற்கும், 35ஆம் எண் சட்டை விற்கும், பெரிய திரையில் பழைய படம் ஓடும். எனக்குப் பயமே அதுதான். ஏப்ரலில் இவ்வளவையும் விற்றுவிட்டால் ஜூலையில் உங்களால் கையைக் கட்டிக்கொண்டு முடிவெடுக்க முடியாது.

சரி, இன்றைய வெர்லாண்டரைப் பார்ப்போம். 2025இல் அவர் கணக்கு 4 வெற்றி, 11 தோல்வி. இதை மட்டும் பார்ப்பவர்கள் ‘முடிந்தது கதை’ என்பார்கள். பிட்சருக்கு வெற்றி கிடைக்க அவருடைய அணி ரன் எடுக்க வேண்டும். அது அவர் கையில் இல்லாத காரியம். அவர் இறங்கிய முதல் 16 ஆட்டங்களில் ஒரு வெற்றி கூடக் கிடைக்கவில்லை. ஜூலை 23ஆம் தேதி அட்லாண்டாவில்தான் முதல் வெற்றி. இடையில் மார்புத் தசையில் காயம் பட்டுக் கொஞ்ச நாள் உட்கார்ந்தார். ஆனாலும் ஆண்டு முடியும்போது 29 ஆட்டங்களைத் தொடங்கி, 152 இன்னிங்ஸ் வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 3.85 ரன் கொடுத்திருந்தார். இது நட்சத்திரத்தின் எண் இல்லை. எந்த அணியும் மூன்றாவது, நான்காவது ஆளாகக் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளக்கூடிய எண்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜயன்ட்ஸ் மைதானம் பிட்சர்களுக்குச் சாதகமானது. தூக்கி அடித்த பந்துகள் அங்கே வேலிக்கு முன்னாலேயே விழுந்துவிடும். அதற்கு முந்தைய ஆண்டு, 2024இல், ஹூஸ்டனில் தோளும் கழுத்தும் படுத்தியெடுக்க, 17 ஆட்டங்களில் 5.48 என்ற சராசரியோடு திணறினார். அந்தப் பழைய நூறு மைல் போய்விட்டது. இப்போது பெரும்பாலும் 94 பக்கம். புதிதாக ஸ்வீப்பர் என்ற அகலமாக வளையும் பந்தைச் சேர்த்துக்கொண்டு சமாளிக்கிறார். 42 வயதில் புதுப் பந்து கற்றுக்கொள்கிறவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் பிடிப்பதற்காக ஒப்பந்தம் போட முடியாது. 2026இல் வரப்போவது 2024இன் ஆளா, 2025இன் ஆளா? அவருக்கே தெரியாது. நீங்கள் வாங்குவது அந்தச் சந்தேகத்தையும் சேர்த்துத்தான்.

இந்த ஆபத்தை ஏன் எடுக்க வேண்டும்? காரணம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு சீசனில் 162 ஆட்டம். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்று வைத்தால் 1,458 இன்னிங்ஸ். ஆறு மாதத்தில் யாராவது நின்று இவ்வளவையும் வீசித்தான் ஆக வேண்டும். உங்கள் முதல் பிட்சர் டாரிக் ஸ்கூபல் என்ன வீசினாலும் 195, 200தான் முடியும், மீதியை மற்றவர்கள். 2025இல் அந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். ஜாக்சன் ஜோப் ஜூனில் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார். ரீஸ் ஓல்சன் தோள்வலியால் ஜூலையோடு முடிந்தார். வெர்லாண்டர் ஜயன்ட்ஸில் வீசிய அந்த 152 இன்னிங்ஸைத் தாண்டியவர்கள் டெட்ராய்ட்டில் இரண்டே பேர்: ஸ்கூபல், ஜாக் ஃப்ளாஹெர்ட்டி. கேசி மைஸ் 149இல் நின்றார். அதற்குக் கீழே வெறும் ஒட்டுத் துணிதான்.

அந்த ஓட்டையை அடைக்க நீங்கள் போன இரண்டு வழிகளையும் ஊர் மறக்கவில்லை. 2024 டிசம்பரில் 37 வயது அலெக்ஸ் காபுக்கு ஓராண்டுக்கு 15 மில்லியன் டாலர் கொடுத்தீர்கள். இடுப்புக் காயத்தால் அவர் டைகர்ஸுக்காக ஒரு பந்து கூட வீசவில்லை. அப்புறம் ஜூலை கடைசியில் 41 வயது சார்லி மோர்ட்டனைக் கொண்டுவந்தீர்கள். ஒன்பது ஆட்டம், 7.09 சராசரி. செப்டம்பரில் வெளியே அனுப்பினீர்கள். இந்த இரண்டையும் காட்டித்தான் ‘கிழவர்கள் வேண்டாம்’ கட்சி பேசுகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மோர்ட்டனிடம் நீங்கள் செய்த ஒரு காரியத்தை யாரும் பாராட்டவில்லை. ஆகவில்லை என்று தெரிந்ததும், சீசன் முடியக் காத்திருக்காமல், அனுப்பிவிட்டீர்கள். மோர்ட்டனுக்கு இந்த ஊரில் சிலை வைக்கும் பேச்சு இல்லாததால் அது சுலபமாக இருந்தது. நாளைக்கு வெர்லாண்டர் ஒன்பது ஆட்டத்தில் 7.09 என்று நின்றால்?

அந்த செப்டம்பரைப் பற்றி அதிகம் பேச எனக்கே விருப்பமில்லை. கிளீவ்லாண்டை 15.5 ஆட்டம் முந்தி நின்ற அணி, கடைசி மாதத்தில் 24 ஆட்டங்களில் ஏழே வெற்றி பெற்று, டிவிஷனையே (தன் பிரிவின் முதலிடத்தை) கோட்டை விட்டது. பேட்டிங்கும் படுத்ததுதான் பாதிக் காரணம். அதற்குத் தனி மடல் எழுத வேண்டும். அப்படியும் தட்டுத்தடுமாறி பிளேஆஃப் போய், கிளீவ்லாண்டையே வீழ்த்தி, அக்டோபர் 10ஆம் தேதி சியாட்டிலில் ஐந்தாவது ஆட்டம். ஸ்கூபல் ஆறு இன்னிங்ஸில் 13 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்துவிட்டு இறங்கினார். அதற்கப்புறம் இன்னும் ஒன்பது இன்னிங்ஸ் நடந்தது. 15ஆவது இன்னிங்ஸில் 3-2 என்று தோற்றோம். அந்த இரவு புல்பென்னிலிருந்து (மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) ஒவ்வொருவராக இறங்கி வந்ததைப் பார்த்த யாருக்கும், இந்த அணிக்கு என்ன குறை என்று புரியாமல் இருந்திருக்காது. ஏப்ரலிலும் மேயிலும் ஆறு ஆறு இன்னிங்ஸாகத் தின்று தீர்க்க ஒரு ஆள் கூடுதலாக இருந்தால், அக்டோபரில் புல்பென்னின் கை இவ்வளவு ஓய்ந்திருக்காது. வெர்லாண்டரை அக்டோபருக்காக எடுக்கச் சொல்லவில்லை. மே மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளுக்காக எடுங்கள் என்கிறேன்.

வயது உங்களுக்குப் பயமில்லை என்று தெரியும். 38 வயது கென்லி ஜான்சனை டிசம்பரில்தான் எடுத்தீர்கள். கொரிய லீகிலிருந்து ட்ரூ ஆண்டர்சனைக் கொண்டுவந்ததும் நல்ல காரியம். ஆனால் அமெரிக்க லீகில் முழு சீசன் இன்னிங்ஸ் சுமந்த பழக்கம் அவருக்கு இல்லை. ட்ராய் மெல்ட்டன், கீடர் மொன்டெரோ போன்ற பையன்களின் இடத்தை ஒரு முதியவர் அடைத்துக்கொள்வாரே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பையன்களை ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் டொலிடோ கிளை அணிக்கு அனுப்பலாம், தேவைப்படும்போது மறுநாளே கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்தப் போக்குவரத்து இருப்பதால்தான் நிர்வாகங்கள் இளையவர்களை அகலமாகச் சேர்த்து வைக்கின்றன. ஆறு மாதத்தில் பையன்களுக்கு வாய்ப்பு வராமல் போன சீசனை நான் பார்த்ததில்லை. வெர்லாண்டரை டொலிடோவுக்கு அனுப்ப முடியாது. அவர் இருந்தால் அணியில் இருப்பார், அல்லது காயப் பட்டியலில் இருப்பார், அல்லது வெளியே போவார். நான்காவதாக ஒரு வழி இல்லை.

இதற்கு முன்னால் வீடு திரும்பியவர்களின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். 300 வெற்றிகளைத் தாண்டிய டாம் கிளாவின், மெட்ஸில் ஐந்து ஆண்டு இருந்துவிட்டு 2008இல் அட்லாண்டாவுக்குத் திரும்பினார். 13 ஆட்டம், 2 வெற்றி, 5.54 சராசரி, அப்புறம் அறுவை சிகிச்சை. அதோடு விட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. 2009க்கும் ஒப்பந்தம் போட்டு, மைனர் லீகில் தேறி வரட்டும் என்று அனுப்பி, அங்கே அவர் ஒழுங்காக வீசிக்கொண்டிருக்கும்போது ஜூனில் விடுவித்துவிட்டார்கள். அவருடைய இடத்தில் டாமி ஹான்சன் என்ற இளைஞர் வந்தார். ஆட்டக் கணக்காகப் பார்த்தால் அட்லாண்டா செய்தது சரியாகவே இருக்கலாம். செய்த விதத்தில் இரு தரப்பும் கசந்துபோனது. வந்தால் எப்போது அனுப்புவோம் என்று இரு தரப்பும் முன்கூட்டிப் பேசியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் எண்ணம்.

உங்கள் டிவிஷனிலேயே ஸாக் கிரெய்ன்கி இருந்தார். கான்சாஸ் சிட்டி வளர்த்த பையன், அங்கேயே 2009இல் சை யங் வாங்கியவர், ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2022இல் திரும்பினார். முதல் ஆண்டு 3.68, கொடுத்த காசுக்கு நியாயமான ஆட்டம். அதோடு நிறுத்தாமல் மறுபடியும் ஓராண்டு. 2023இல் 2 வெற்றி, 15 தோல்வி. அந்த ஆண்டு கான்சாஸ் சிட்டி 106 ஆட்டம் தோற்ற அணி. கிரெய்ன்கியை மாற்ற அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. உங்கள் நிலை அப்படி இல்லை. நீங்கள் 1984க்கு அப்புறம் கோப்பை பார்க்காத அணி, இந்த ஆண்டு கோப்பைக்கு ஆடும் அணி.

(சென்னைக்காரர்களுக்கு 2025இல் அஸ்வின் சூப்பர் கிங்ஸுக்குத் திரும்பி வந்ததை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 9.75 கோடி, ஒன்பது ஆட்டம், ஏழு விக்கெட், அணி கடைசி இடம். ஹாரிஸ் அவர்களே, இதை நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.)

நன்றாக முடிந்த கதையும் உண்டு. 2009 ஜூலையில் ஃபிலடெல்ஃபியா, யாரும் கூப்பிடாமல் வீட்டில் இருந்த 37 வயது பெட்ரோ மார்டினஸை எடுத்தது. ஐந்து வெற்றி, ஒரு தோல்வி, உலகத் தொடரில் இரண்டு ஆட்டம். அங்கே அவருக்குப் பழைய வீடு என்று ஒன்றும் கிடையாது, விழாவும் கிடையாது. அணிக்கு ஒரு பிட்சர் தேவைப்பட்டார், வந்தார், வீசினார். எனக்குப் பிடித்தது அந்த மாதிரி.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்னால், லேக்லாண்டுக்கு அவர் பெட்டி படுக்கையோடு வருவதற்கு முன்னால், ஹின்ச் அவரை உட்கார வைத்து முடிவைப் பேசிவிட வேண்டும். தொடக்கத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம், ஏஜென்டே பேசிவிடுவார். எந்த நிலையில் ரொட்டேஷனிலிருந்து (முறைவைத்து ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் வரிசை) இறக்குவோம், இறக்கினால் புல்பென்னில் உட்காருவாரா, பிளேஆஃப் பட்டியலில் இடம் நிச்சயமில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறாரா, இதெல்லாம் பேச ஹின்சை விட்டால் ஆள் இல்லை. ஹூஸ்டனில் 2017 முதல் 2019 வரை அவருக்கு மேனேஜராக இருந்தவர். அந்த ஹூஸ்டன் காலத்தைப் பற்றிச் சிலருக்கு வேறு கசப்பு இருக்கிறது. அதை நான் இங்கே கிளறப் போவதில்லை. ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் கசப்பான உண்மை சொல்லும் பழக்கம் இருவருக்கும் உண்டு என்பதுதான் எனக்கு வேண்டியது.

செய்ய முடியாத காரியம் இல்லை இது. 2024 அக்டோபரில் ஹூஸ்டன் செய்தது. இரண்டு சை யங் வாங்கிக் கொடுத்த மனிதர், இரண்டு கோப்பை. ஆனால் பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்டு கார்டு தொடருக்கான பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. எதிரணி யார்? டெட்ராய்ட். நம் பையன்கள் ஹூஸ்டனிலேயே இரண்டு ஆட்டமும் ஜெயித்து அவர்களை வீட்டுக்கு அனுப்பியதை வெர்லாண்டர் வெளியே உட்கார்ந்து பார்த்தார். அந்த முடிவு அவருக்குப் பிடித்திருக்காது. ஆனால் அதற்காக ஊரை எரிக்கவில்லை, அடுத்த ஆண்டு ஜயன்ட்ஸுக்குப் போய் 152 இன்னிங்ஸ் வீசினார். சொன்னால் தாங்கக்கூடியவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எனக்குச் சந்தேகம் உங்கள் மேல்தான்.

இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன். அவரிடம் இப்போது 266 வெற்றி. 300க்கு இன்னும் 34. கடைசியாக 300ஐத் தொட்டவர் ராண்டி ஜான்சன், 2009இல். வெர்லாண்டருக்கு அந்த எண்மேல் ஆசை என்பது ரகசியம் இல்லை. 45 வயது வரை ஆடுவேன் என்று பல முறை சொன்னவர். கடைசி மூன்று ஆண்டுகளில் அவர் எடுத்த வெற்றி 13, 5, 4. மீதியை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இப்போது ஒரு ஆட்டத்தைக் கற்பனை செய்யுங்கள். ஜூலை, வெயில், ஐந்தாவது இன்னிங்ஸ். டெட்ராய்ட் ஒரு ரன் முன்னிலை. இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில். தொடங்கிய பிட்சருக்கு வெற்றி எழுத வேண்டுமானால் ஐந்து இன்னிங்ஸ் முடித்திருக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு அவுட். பந்து எண்ணிக்கை 90ஐத் தாண்டிவிட்டது, எதிரே வருபவர் அன்று ஏற்கெனவே ஒன்றைத் தூக்கி வெளியே போட்டவர். அரங்கம் முழுக்க எழுந்து நின்று 267க்காகக் கத்துகிறது. மேனேஜர் உள்ளே நடந்து போய்ப் பிட்சரின் கையிலிருந்து பந்தை வாங்க வேண்டும். மோர்ட்டன் கையிலிருந்து வாங்குவது மாதிரி வாங்குவாரா? வாங்குவார் என்றால் எடுங்கள். ‘ஒரே ஒரு பேட்டர்தானே’ என்று நிற்பார் என்றால், அந்த ஒரு ஆட்டம்தான் செப்டம்பர் கடைசியில் டிவிஷனைத் தீர்மானிக்கும். 2025இல் அந்த ஒரு ஆட்டத்துக்குத்தானே ஏங்கினோம்.

இன்னொன்று, தொடக்க நாள் ஆட்டத்தை அவரிடம் கொடுக்காதீர்கள். கேட்கும் ஆசை ஊருக்கு வரும், தொலைக்காட்சிக்காரர்களுக்கும் வரும். அது ஸ்கூபலின் இடம். வெர்லாண்டர் ஐந்தாவது ஆள். முடிந்தபோதெல்லாம் ஒரு நாள் கூடுதல் ஓய்வோடு. கொமெரிக்கா பார்க் அவருக்கு இன்னும் ஒத்துவரும். நடுமைதானத்தில் வேலி 412 அடி தொலைவு. அவர் உயரத் தூக்கி அடிக்க வைக்கும் ஆள். அங்கே ஓடிப் பிடிக்கக் கால்கள் உங்களிடம் இருக்கின்றன. ஆனால் மைதானம் எல்லாவற்றையும் காப்பாற்றாது. 2023 மே 4ஆம் தேதி மெட்ஸுக்காக அவர் முதல் ஆட்டம் ஆடியது இதே கொமெரிக்காவில்தான். முதல் இன்னிங்ஸிலேயே ரைலி கிரீனும் ஹாவியர் பாயெஸும் அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தார்கள். 2-0 என்று டெட்ராய்ட் ஜெயித்தது. அந்த இருவரும் இப்போது அவருக்குப் பின்னால் ஃபீல்டிங்கில் நிற்பார்கள் என்பது ஒரு வகையில் நல்லதுதான்.

பணத்துக்கு வருகிறேன், இலிட்ச் அவர்களுக்கு இது. ஜயன்ட்ஸ் 15 மில்லியன் கொடுத்தார்கள். அந்த அளவில், ஓராண்டுக்கு மட்டும், கொஞ்சத்தைப் பின்னால் கொடுப்பதாகப் பேசி முடித்தால் நியாயம். ஆனால் இதே ஜனவரியில் ஸ்கூபல் சம்பளத் தீர்ப்பாயத்துக்கு 32 மில்லியன் என்று எழுதிக் கொடுத்தார், நீங்கள் 19 என்று எழுதினீர்கள். இரண்டு ஆண்டு தொடர்ந்து சை யங் வாங்கிய பையன், இந்த சீசனோடு ஃப்ரீ ஏஜென்ட் ஆகப் போகிறவன், அவனிடம் 13 மில்லியனுக்கு மல்லுக்கு நிற்கிறோம். அந்த நேரத்தில் வெர்லாண்டருக்கு ஒரு தொகை கொடுத்து, பழைய சட்டையை மாட்டி, கேமரா முன் நிறுத்தினால், அது பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையாகத்தான் எங்களுக்குத் தெரியும். 2017இல் ஒரு சை யங் பிட்சரை அனுப்பிவிட்டு எட்டு ஆண்டு கழித்து அவரையே வருந்தி அழைக்கும் ஊர் இது. ஸ்கூபலுக்கும் இப்படி 2035இல் மடல் எழுத வைத்துவிடாதீர்கள்.

மாக்ஸ் ஷெர்சரும் ஃப்ரீ ஏஜென்டாகத்தான் இருக்கிறார், அவரும் இங்கே ஆடியவர்தானே என்று ஒரு நண்பர் கேட்கிறார். 41 வயதில் டொரொண்டோவுக்காக உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கியவர். அந்த ஒரு இரவுக்கு அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சீசன் முழுக்கப் பார்த்தால் 5.19 சராசரி, பாதி நாள் காயம். பெரிய இரவுக்கு ஆள் வேண்டுமானால் ஷெர்சர். நமக்கு அந்த இரவுக்கு ஸ்கூபல் இருக்கிறார். வேண்டியது இன்னிங்ஸ்.

பிட்சர்கள் கூடுவதற்கு இன்னும் சில வாரம்தான். 43 வயதுக் கை சூடாக நாள் பிடிக்கும். மார்ச்சில் எடுத்து ஏப்ரலில் அவசரமாக இறக்குவதற்கு இவர் ஆள் இல்லை. ஜோப் தேறி வரும்வரை ஐந்தாவது இடத்தில் யார் என்று நீங்கள் எங்களிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு பெயர் இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் பேசாமல் இருந்துவிடுகிறோம். இல்லையென்றால் அவருடைய ஏஜென்டின் எண் உங்களிடம் இருக்கிறது. முதல் போனை ஹின்சே போடட்டும்.

இப்படிக்கு,
நோவையிலிருந்து ஒரு டைகர்ஸ் ரசிகன்
2026 ஜனவரி